சேருவிலச் செம்பு: ஒரு கனிப்பொருட் படிவின் வரலாற்றுக் குறிப்புகள்

அரநாயக்க மலைகளின் பாறையமைப்பு நாட்டின் பத்திரிகைகளில் விரிவாகப் பேசப்பட்டது 2016 மே 17இல் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய பின்னரேயாகும். அதே நாளில் அதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுட் புதைந்தன. மக்கள் எந்தப் பாறையின் மேல் வாழ்கிறார்கள் என்ற வினா அழிவு நேர்ந்தபோது மட்டும் எழுப்பப்பட்டது. பாறைக்குள் என்ன இருக்கிறது என்ற வினாவோ நெடுங்காலமாக வேறு தேவைகளுக்காகக் கேட்கப்பட்டு வந்துள்ளது. இவ்விரண்டாவது வினாவின் வரலாற்றில் ஒரு பகுதியையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

அரநாயக்க மலைகள் புவிச்சரிதவியலாளர் உயர்நிலத் தொகுதி எனக் குறிப்பிடும் உருமாறிய பாறைத்தொகுதியைச் சேர்ந்தவை. சாணொக்கைற்று, குவாட்சைற்று, பளிங்குக்கல், நைசுப்பாறை ஆகியவை அடங்கிய இத்தொகுதி தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத் தீவின் நடுவே நீண்டு திருகோணமலையை எட்டுகின்றது. அதன் கிழக்கே விஜயன் தொகுதி அமைந்துள்ளது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா நிலத்திணிவு உருவான காலத்தில், உயர்நிலப் பாறைகள் விஜயன் பாறைகளின் மேல் உந்தப்பட்டன என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்ட கருத்து. கன்னியா முதல் மகா ஓயா வரையிலான வெந்நீரூற்றுகள் இவ்வெல்லையை ஒட்டியே காணப்படுகின்றன. சேருவிலச் செம்பும் இவ்வெல்லையிலேயே கிடைக்கின்றது.

சேருவிலப் படிவு 1971இல் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தாரால் கண்டறியப்பட்டது. (அதனுடன் சேர்த்துக் கூறப்படும் அரிப்பு, கொட்டியாரக் குடாவின் தெற்கேயுள்ள அரிப்பாகும்; மன்னார் அரிப்பன்று.) இங்கே செம்பு தனித்துக் கிடைப்பதில்லை. மகனெற்றைற்று என்னும் காந்த இரும்புத்தாதுவுடன், செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்கோபைரைற்று கலந்து காணப்படுகின்றது. காந்தத்தன்மை கொண்ட தாதுவாதலின் புதைந்த பகுதியையும் காந்த அளவையினால் நிலத்தின் மேலிருந்தே தேட இயலும். மேற்பரப்பில் காற்றும் நீரும் பட்ட இடங்களில் இக்கந்தகச் சேர்மம் சிதைந்து, மலக்கைற்றுப் போன்ற பச்சை நிறச் செம்புக் கனிப்பொருள்களாக மாறும். கருவி எதுவுமற்ற பண்டைய மனிதனுக்கு வழிகாட்டியது அந்தப் பச்சை நிறமாகவே இருந்திருக்கும்.

இதற்கு முன் நடந்த கனிப்பொருட் தேடலை நோக்குவோம். 1903இல் தொடங்கிய கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. 1904இல் அவர் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை இனங்கண்டது சப்பிரகமுவ மண்ணிலேயாகும். பலாங்கொடைப் பகுதியின் பழைய இரும்புருக்கும் முறைகளைப் பதிந்து வைத்தவரும் அவரே. ஆயினும் குடியேற்ற ஆட்சி கனிப்பொருளை ஏற்றுமதிப் பண்டமாகவே மதித்தது. காரீயமும் இரத்தினமும் கப்பலேறின. கேகாலையின் போகல காரீயச் சுரங்கம் அந்தப் பொருளாதாரத்தின் விளைபொருள். காரீயச் சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டதும் 1971இலேயே. சேருவிலக் கண்டறிதல் அதே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலாகலாம். ஆனால் உள்நாட்டு மூலவளங்களைக் கொண்டு கைத்தொழிலை வளர்க்கலாம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் ஓங்கியிருந்தது என்பதை மறக்கலாகாது. அந்நம்பிக்கை சேருவிலவில் நிறைவேறவில்லை. டி. ஈ. டி எஸ். ஜயவர்த்தன 1982இல் படிவின் அமைப்பை விளக்கி எழுதினார். மறு ஆண்டு நாடு போருள் வீழ்ந்தது. 2006இல் மாவிலாற்று நீருக்காக மூண்ட மோதல் மூதூர், சேருவில மக்களை அகதிகளாக்கியது. படிவு இன்றளவும் சுரங்கமாகவில்லை.

நமக்கு முக்கியமாகத் தோன்றும் வினா இதனினும் பழையது. துட்டகைமுனு மகாதூபியை எழுப்பிய காலத்தில் (கி.மு. 2ஆம் நூற்றாண்டு) வேண்டிய பொருள்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை மகாவம்சத்தின் 28ஆம் அதிகாரம் கூறுகின்றது. நகருக்குக் கிழக்கே ஏழு யோசனை தூரத்தில், கங்கைக்கு அப்பால், தம்பபிட்டி என்ற ஊரில் செம்பு தோன்றியதாம். அநுராதபுரத்திலிருந்து நோக்கினால் சேருவில மகாவலிக்கு அப்பால் உள்ளது. யோசனையின் அளவு நூலுக்கு நூல் மாறுவதால் தூரத்தைக் கொண்டு மட்டும் எதையும் நிறுவ முடியாது. எனினும் இவ்வடையாளம் பொருத்தமானதென்றே நாம் கருதுகின்றோம். சேருவிலத் தூபியை மரபு துட்டகைமுனுவின் தந்தை காவந்திஸ்ஸனுடன் இணைப்பதும் கவனிக்கத்தக்கது.

ஆனால் செம்பு தானாகத் 'தோன்றாது'. கல்லை வெட்ட வேண்டும், உடைக்க வேண்டும், விறகை எரித்துக் கரியாக்க வேண்டும், துருத்தி ஊத வேண்டும். மன்னனின் புண்ணியத்தால் உலோகம் தோன்றியதென்று எழுதிய நூலாசிரியர், அவ்வேலையைச் செய்த கைகளை வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டார். அக்கைகளின் சான்று உலைக் கழிவாகிய கிட்டத்திலேயே எஞ்சியுள்ளது. சுதர்சன் செனவிரத்ன 1990களில் சேருவிலவின் சூழலையும் தொல்லியலையும் ஒருங்கே ஆராய்ந்து, ஆதி இரும்புக்காலச் சமூகங்களின் வளத்தேவையுடன் இப்படிவைத் தொடர்புபடுத்தியமை இவ்வகையிற் பெரும் முன்னேற்றம். இரும்பைப் பொறுத்தவரை ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. சமனலவெவவில் பருவக்காற்றினால் இயங்கிய உலைகளை கில் ஜூலெப் அகழ்ந்ததோடு, அவற்றை மீளக் கட்டி எரித்தும் காட்டினார். 1996இல் முடிவுகள் வெளியாயின. சேருவிலச் செம்புலைகளுக்கு அத்தகைய பரிசோதனை தேவை.

இது இலங்கைக்குள் அடங்கும் வினாவுமன்று. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ அழகிய வெண்கலக் கலங்களை மீட்டார். தமிழகத்திலோ செம்புத்தாது அரிது. மாமண்டூர் போன்ற சிறு படிவுகளே உள்ளன. பாக்கு நீரிணைக்கு அப்பால் சேருவிலச் செம்பு சென்றதா, ஈயம் வெள்ளீயம் போன்றவை எங்கிருந்து வந்தன என்பன ஊகத்தால் தீர்வன அல்ல. தாதுவிலும் கிட்டத்திலும் கலங்களிலும் உள்ள ஈயச் சமதானி விகிதங்களை அளந்து ஒப்பிட்டால், குறைந்தபட்சம் எந்தப் படிவு மூலமாக இருக்க முடியாதென்றாவது கூறலாம். அதற்குக் கிட்டக் குவியல்கள் வீதிக் கல்லாகவும் வயல் வரம்பாகவும் கரைந்துபோகுமுன் அவற்றை வரைபடமாக்குதல் முதல் வேலை.