மேல்மாடிப் பலகையைக் கழற்ற முன்...

காலிக் கோட்டைக்குள் இப்போது திருத்த வேலை நடக்காத தெரு இல்லை. வேலை தொடங்கினால் நாம் முதலில் கழற்றுவது மேல்மாடிப் பலகைத் தளத்தைத்தான். "உழுத்துப் போச்சு, கொங்கிரீட் போடுவோம்" என்று சொல்லி, பழைய மரம் வாங்குபவருக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்க முன் ஒருமுறை குனிந்து பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

ஒல்லாந்தர் 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் நம் துறைமுகம் உச்சத்தில் இருந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு கப்பல்கள் அங்கே திரும்பின. பறங்கியர் குடும்பங்கள் கொழும்புக்குப் போகப் போக, பல வீடுகள் நம் வியாபாரிகளின் கைக்கு வந்தன. மீரான் ஜும்ஆப் பள்ளியின் இன்றைய கட்டிடம் 1904இல் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான்.

இந்த வீடுகளைப் புத்தகங்கள் "ஒல்லாந்தர் வீடு" என்றே எழுதுகின்றன. கட்டியது யாராகவும் இருக்கட்டும். உப்புக் காற்றிலும் மழையிலும் ஓடு மாற்றி, வளை மாற்றி, இத்தனை காலம் நிற்க வைத்தவர்கள் நம் மூத்தாப்பாமார். அதை எழுதிவைத்த புத்தகம் நம்மிடம் இல்லை. ஆனால் தளம் இருக்கிறது.

எங்கள் வீட்டுத் தளத்தைத் திருத்தியபோது அதை வாசிக்கக் கற்றுக்கொண்டோம். ஆணியைப் பாருங்கள். கொல்லன் அடித்த ஆணி சதுரமாக, தலை ஒழுங்கில்லாமல் இருக்கும். உருண்டையான கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. பலகையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கைவாள் அறுத்த கோடு நேராக, முன்பின்னாக ஓடும். வட்டவாள் அறுத்தது வளைந்த கோடு. ஒரே அறையில் இரண்டும் இருந்தால், இடையில் ஒருவர் காசு செலவழித்துத் திருத்தியிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் யன்னல் பக்கம் நாலு பலகை அப்படித்தான். நடுவில் பழைய ஆணி, ஓரத்தில் கம்பி ஆணி.

முழுத்தளமும் உழுத்துப் போவது குறைவு. பெரும்பாலும் சுவருக்குள் போகும் வளையின் நுனிதான் கெடும். காரணம் மேலே ஒழுகும் ஓடு. ஆகவே முதலில் கூரை, பிறகு தளம். கெட்ட நுனியை மட்டும் வெட்டி, அதே சாதி மரத்தில் ஒட்டுப் போட நல்ல பாஸ் ஒருவரால் முடியும். ("பாஸ்" என்ற சொல்லும் ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான்.) முருகைக்கல், சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, புது மரமும் கெடும். மெசின் போட்டு ஆழமாகத் தேய்க்கவும் வேண்டாம். பலகை மெலியும், அடையாளமும் போய்விடும்.

இது வீண் செலவு என்பவர்கள் கொழும்புப் புறக்கோட்டை பிரின்ஸ் வீதிக்குப் போய்ப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டு மாடிவீடு ஒன்று அங்கே தபால் கந்தோராக இருந்தது. 1971 மழையில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. முழுதாக இடிக்கவே நினைத்தார்கள். ஆட்கள் எதிர்த்துப் பேசியதால் 1977இல் திருத்த வேலை தொடங்கியது. 1982இல் அது ஒல்லாந்தர் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

காலிக் கோட்டை 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. வெளியார் வந்து பெரிய விலை கொடுத்து வீடு வாங்குகிறார்கள். விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் குடும்பத்து விஷயம். ஆனால் நம் மூத்தாப்பா போட்ட ஒட்டு எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாவிட்டால் அந்த நூறு வருடக் கதை மர வியாபாரியின் லொறியோடு போய்விடும்.

ஆகவே வேலை தொடங்க முன் தளத்தைப் படம் எடுங்கள். ஆணி இரண்டை எடுத்துவையுங்கள். எந்த வருடம் யார் திருத்தினார் என்று வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதைக் கீழே பதியுங்கள். சேர்த்து வைக்க நாங்கள் தயார்.