இரண்டு சாளரங்களும் ஒரு முகமும்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் காமிராக்களைத் தேடி வாங்கும் நண்பர்கள் பலர், அவற்றில் பொருந்தும் 50 மி.மீ. விரைவு லென்சை எந்நேரமும் முழுத்துளையில் திறந்துவைத்தே உருவப்படம் எடுக்கின்றனர். முகம் மட்டும் துலங்க, பின்னுள்ளவை புகையாய்க் கரைய வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆயின் அந்த லென்ஸ் மங்கலை வேண்டிப் பிறந்ததன்று. வெளிச்சப் பஞ்சத்தால் பிறந்தது.

1920களில் வீட்டினுள் ஒருவரைப் படமெடுக்க மக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். அல்லது அவரை அசையாது அமர்த்த வேண்டும். இரண்டிலும் முகம் தன் இயல்பை இழந்துவிடும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் லுட்விக் பெர்ட்டலே என்ற இளைஞர் வடிவமைத்த எஃப்/2 எர்னோஸ்டார் லென்சுடன் 1924இல் எர்மனாக்ஸ் காமிரா வெளிவந்தது. ஒவ்வொரு படத்திற்கும் ஒரு கண்ணாடித் தகடு செருக வேண்டிய அக்கருவியைக் கொண்டே, சட்டம் பயின்ற எரிக் சாலமன் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் தலைவர்களை அவர்கள் கொட்டாவி விடும் கணத்தில்கூடப் பிடித்தார். யூதரான அவர் 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

1932இல் லைக்கா, காண்டாக்ஸ் இரண்டிலும் லென்சோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் அமைந்தது. காண்டாக்சுக்காகப் பெர்ட்டலே செய்த எஃப்/1.5 சோனார் தனித்துச் சொல்லத்தக்கது. ஒளியெதிர்ப்புப் பூச்சு அறியப்படாத அக்காலத்தில், காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றில் நான்கு, ஐந்து பங்கு ஒளி சிதறிப் படம் வெளிறும். பெர்ட்டலே ஏழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டி, அப்பரப்புகளை ஆறாகக் குறைத்தார். போருக்குப் பின் சோவியத் நாட்டின் ஜூப்பிட்டரும் ஜப்பானின் நிக்கோரும் அவ்வழியில் வந்தவையே.

இனி, குவியம். காமிராவின் முகப்பில் இரு சிறு சாளரங்கள். அவற்றின் வழியே வரும் இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை லென்சைத் திருப்ப வேண்டும். நிலமளப்போர் கையாளும் முக்கோணக் கணக்குத்தான் இது. ஒரு மீட்டர் தொலைவில் எஃப்/1.5 துளையில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். கண் துலங்கினால் காது துலங்காது. அமர்ந்திருப்பவர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். எனவே எடுப்பவர் அவரது மூச்சையும் அசைவையும் கவனித்தாக வேண்டும். பிற்காலத்து எஸ்.எல்.ஆர். காமிராவில் படம் விழும் கணத்தில் கண்ணாடி எழுந்து காட்சி மறையும். ரேஞ்ச்ஃபைண்டரில் அக்கணமும் முகம் கண்ணெதிரே நிற்கும்.

திருக்குறள் ‘கண்ணோட்டம்’ என ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டு இரக்கத்தைச் சொல்கிறது. இன்று அச்சொல்லை வெறும் பார்வைக் கோணம் என்று சுருக்கிவிட்டோம். ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் எடுத்த உருவப்படங்களைக் காணும்போது பழைய பொருளே என் நினைவுக்கு வரும். ஃபிளாஷ் விளக்கைப் பண்பற்றதென ஒதுக்கியவர் அவர். பெரும்பாலும் 50 மி.மீ. லென்சோடு நின்றார். அவர் படங்களில் சூழல் கரைவதில்லை. 1944இல் வான்ஸில் எடுத்த மட்டீஸ் கையில் புறாவோடு இருக்கிறார். 1946இல் எடுத்த சார்த்தர் பாரிஸ் பாலமொன்றில் பனிமூட்டத்தின் நடுவே நிற்கிறார். புறாவையும் பாலத்தையும் நீக்கிவிட்டால் அம்மனிதர்களில் பாதி போய்விடும்.

அவர் 1950இல் தமிழ்நாட்டிற்கும் வந்தார். ஏப்ரல் 14 இரவு இரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அவ்வேளையில் வானில் ஒரு விண்கல் ஒளிர்ந்து சென்றதைக் கண்டதாகவும் கூறியுள்ளார். அடுத்துப் புதுச்சேரி. 1926 முதல் தனிமையில் வாழ்ந்த அரவிந்தர், ஆண்டில் சில நாள்களே அன்பர்களுக்குக் காட்சி தந்தார். பல்லாண்டுகளாகப் படமெடுக்க இசைந்ததில்லை. அன்னையின் ஒப்புதலோடு பிரெஸ்ஸோன் அவரது அறைக்குள் சென்றார். நாற்காலியில் சாய்ந்த முதியவர், வெண்தாடி, காமிராவைப் பொருட்படுத்தாத விழிகள். வழிபாட்டுப் படங்களில் காணும் ஒளிவட்டம் எதுவும் இல்லை, மூப்பு தெரிகிறது. அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் காலமானார்.