504: வேலை நடந்துச்சா, நடக்கலையா?

"ஸ்கிரீன்ல எரர்னு வருது, ஆனா அக்கவுன்ட்ல பணம் போயிடுச்சே, எப்படி?" இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும். காரணம் இருக்கு.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல மைக்ரோசர்வீஸ் எல்லாம் மெசேஜ் க்யூ வழியாத்தான் பேசிக்கும். வெளியே இருந்து வர்ற ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்டை வாங்கி க்யூவுல போடுற கேட்வேயை எழுதினது நான். பதிலுக்கு 30 செகண்ட் காத்திருக்கும். வரலைன்னா 504 அனுப்பும். ஒரு மாசம் முதல் தேதி, க்யூவுல நெரிசல். 504-ஐப் பார்த்தவங்க மறுபடியும் பட்டனை அழுத்தினாங்க. ரெண்டு மெசேஜும் க்யூவுல பத்திரமா இருந்துச்சு, ரெண்டுமே நிறைவேறுச்சு. வாடகை ரெண்டு தடவை போன ஒருத்தரோட ஃபோனை நான்தான் எடுத்தேன்.

இந்தப் பிரச்சனை மைக்ரோசர்வீஸைவிட ரொம்ப மூத்தது. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைச்ச முதல் ஹெச்டிடிபி, ஃபோன் கால் மாதிரி. ஒரு வரியில் கேட்பீங்க, சர்வர் பக்கத்தை அனுப்பிட்டு லைனைக் கட் பண்ணிடும். கேட்டவர் லைன்லயே இருக்கணும்.

1993-ல் ஐபிஎம் கொண்டு வந்த எம்க்யூசீரிஸ் அதுக்கு நேர் எதிர். அது தபால். அனுப்புறவரும் வாங்குறவரும் ஒரே நேரத்துல விழிச்சிருக்க வேண்டாம். ஒவ்வொரு மெசேஜோட தலைப்புலயும் பதில் எந்த க்யூவுக்கு வரணும்னு ஒரு இடம் உண்டு. இது எந்தக் கேள்விக்கான பதில்னு சொல்ல 24 பைட்டுல கோரிலேஷன் ஐடி உண்டு. முன்னாடி பதிவுத் தபால்ல ஒப்புகை அட்டை இணைப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.

அதே 1993-ல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ ஆய்வகத்துல இருந்து சிஜிஐ வந்தது. வெப் சர்வர் இப்போ பின்னாடி ஒரு புரோகிராமை ஓட்டலாம். அப்புறம் என்ன, அந்தப் புரோகிராமை க்யூவோட இணைக்கிற ஆசை வராமலா இருக்கும்? 90-களின் பிற்பகுதியில் ஐபிஎம்மே 'எம்க்யூசீரிஸ் இன்டர்நெட் கேட்வே'ன்னு ஒண்ணைக் கொடுத்தது. ஃபோனையும் தபாலையும் இணைக்கிற வேலை. நான் எழுதினது ஒண்ணும் புதுசு இல்லைன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது.

2008-ல் வந்த வெப்ஸ்பியர் எம்க்யூ 7.0-ல் இருந்த ஹெச்டிடிபி பிரிட்ஜ் இன்னும் சுவாரசியம். போஸ்ட் பண்ணா மெசேஜ் க்யூவுக்குள்ள போகும். கெட் பண்ணா எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நிஜமாவே மெசேஜை எடுத்துக்கணும்னா டெலீட் பண்ணணும்! இப்போ யோசிங்க: டெலீட் பண்ணியாச்சு, பதில் வர்ற வழியில நெட் கட் ஆகுது. மெசேஜ் க்யூவுலயும் இல்லை, உங்க கையிலயும் இல்லை.

2003-ல் ஜேபி மார்கன் வங்கியில் ஜான் ஓஹாரா, எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத க்யூ நெறிமுறை வேணும்னு ஏஎம்க்யூபியைத் தொடங்கினார். அதை வெச்சு 2007-ல் ராபிட்எம்க்யூ வந்தது. நாங்க பயன்படுத்தினதும் அதுதான். அதுலயும் ரிப்ளை-டூ, கோரிலேஷன் ஐடி ரெண்டும் அப்படியே இருக்கு.

சரி, ஹெச்டிடிபி பக்கம் வழியே இல்லையா? இருந்துச்சு. 1996 மே மாசம் வந்த ஆர்எஃப்சி 1945-லயே 202 'அக்செப்டட்' இருக்கு: வாங்கிக்கிட்டேன், இன்னும் முடிக்கலை, முடியும்னு உறுதியும் இல்லை. வேணும்னே பிடி கொடுக்காத பதில். 504 அடுத்த வருஷம்தான் ஹெச்டிடிபி 1.1-ல் வந்தது. அதோட அர்த்தம், பின்னாடி இருந்து எனக்கு நேரத்துக்குப் பதில் வரலைங்கிறது மட்டும்தான். வேலை நடக்கலைன்னு அது சொல்லவே இல்லை. நாங்கதான் அதை "தோல்வி, மீண்டும் முயலவும்"னு மொழிபெயர்த்து ஸ்கிரீன்ல போட்டோம்.

அப்புறம் மாத்தினோம். பட்டனை அழுத்தும்போதே ஆப் ஒரு எண்ணை உருவாக்கும். அதே எண் மறுபடி வந்தா, பணம் எடுக்கிற சர்வீஸ் ரெண்டாவதை ஒதுக்கிடும். கேட்வே 202-வோட நிலவரம் பார்க்க ஒரு முகவரியும் கொடுக்கும். டிசைன் டீம்ல எதிர்ப்பு: "'உங்க பணம் பிராசஸ் ஆகுது'ன்னு போட்டா கஸ்டமர் பயப்பட மாட்டாங்களா?" நான் அந்த வாடகை ஃபோன் காலைப் பத்திச் சொன்னேன். அடுத்த ரிலீஸ்ல அந்த வரி போச்சு.