சோலைப் புல்வெளிகளில் சீகை மர மேலாண்மை

சீகை மரம் என்பது தென்கிழக்கு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, வேல மர இனத்தைச் சேர்ந்த தாவரமாகும். இது சீகைக்காய்க் கொடியினின்று வேறானது. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் நடப்பட்ட இம்மரம் இன்று அங்கு ஆக்கிரமிப்புத் தாவரமாகக் கருதப்படுகிறது. இதனை எங்கு, எவ்வாறு அகற்றுவது என்பது வன மேலாண்மையில் முக்கியமான சிக்கலாகும்.

இயற்கை அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் பள்ளத்தாக்குகளில் சோலைக்காடுகளும், சரிவுகளில் புல்வெளிகளும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. இப்புல்வெளிகள் காடழிப்பினால் மட்டும் தோன்றியவை அல்ல. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே நீலகிரியில் புல்வெளிகள் இருந்தமையைச் சதுப்பு நில மண் ஆய்வுகள் காட்டுகின்றன. திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளை அழிப்பது, புல்வெளிகள் நிலைத்திருப்பதற்கான காரணங்களுள் ஒன்றாகும். நீலகிரி வரையாடு, குறிஞ்சிச் செடி ஆகியவற்றின் வாழிடமாகவும், தோடர்களின் எருமை மேய்ச்சல் நிலமாகவும் இவை விளங்குகின்றன.

வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் புல்வெளிகள் பயனற்ற தரிசு நிலங்களாகக் கருதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் சீகை, தைல மரங்கள் விறகிற்காகக் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின்னர், தோல் பதனிடுதலுக்கான பட்டைக்காகவும் தொழிற்சாலைகளின் மரக்கூழ்த் தேவைக்காகவும் இத்தோட்டங்கள் பெருமளவில் விரிவாக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை சூழல் சமநிலையை முதன்மை நோக்கமாகவும், நேரடிப் பொருளாதாரப் பயனை அதற்கு அடுத்ததாகவும் வைத்தது. எனினும் சீகை மரம் தோட்ட எல்லைகளைக் கடந்து தானாகவே பரவிவிட்டது.

அகற்றுதலும் சிக்கல்களும்

சீகை விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும். மரங்களை ஒரேயடியாக வெட்டினால் நிலம் வெயில் படுவதாலும், தீயினாலும் அவை கூட்டமாக முளைக்கின்றன. மேலும், சோலைகளை ஒட்டிய பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் வளர்ந்து வருகின்றன. அங்கு முழுமையாக வெட்டுவது இக்கன்றுகளையும் அழித்துவிடும். சுற்றுப்புற மக்கள் சீகையை விறகாகப் பயன்படுத்துவதும் கருத்திற்கொள்ளத்தக்கது.

ஆகவே, எல்லா இடங்களுக்கும் ஒரே முறை பொருந்தாது. புல்வெளியில் புதிதாகப் பரவும் இளங்கன்றுகளை வேருடன் பிடுங்கி, தொடர்ந்து பல ஆண்டுகள் கண்காணிப்பது பயனளிக்கும். சோலையை ஒட்டிய பழைய தோட்டங்களில் படிப்படியாக மரங்களைக் குறைத்தலே ஏற்றதாகும். மரம் நடுதல் எல்லா நிலங்களிலும் இயற்கைப் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இப்புல்வெளிகள் ஓர் எடுத்துக்காட்டாகும்.

இவற்றையும் பார்க்க

நீலகிரி வரையாடு
முக்கூர்த்தி தேசியப் பூங்கா
சோலைக்காடு