கல்லறைக்குப் பின் எழுந்த ஆலயம்

பிரான்சின் இடைக்காலச் சிற்றூர்களில் பொதுவாக ஆலயத்தைச் சுற்றியே கல்லறைத் தோட்டம் அமைந்தது. இடுக்கி மாவட்டத்து மூணாறில் வரிசை தலைகீழ். இங்கே கல்லறைதான் முதலில் வந்தது.

1894-இல் தோட்ட அதிகாரி ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலனோர் இசபெல் மே, மலைக்கு வந்த சில நாட்களிலேயே காலராவில் இறந்தார். குன்றின் மேல் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் சரிவிலேயே 1910-இல் அடிக்கல் நாட்டி, மறு ஆண்டே கிறிஸ்து ஆலயத்தைத் திறந்தார்கள்.

கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், மர இருக்கைகள், துரைமாரின் பெயர் தாங்கிய பித்தளைத் தகடுகள். 1924 பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை அடித்துச் சென்றது. மேட்டில் நின்ற ஆலயம் தப்பியது.

இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பிலுள்ள இந்த ஆலயத்தில் தமிழிலும் வழிபாடு நடக்கிறது. துரைமாரின் தேயிலையைப் பறித்தவை தமிழ்க் கைகள். அந்தத் தொழிலாளர் குடும்பங்களின் வரலாறும் இந்த ஆலயத்தின் மரபோடு சேர்த்து எழுதப்பட வேண்டும்.