வியாபாரம் வேண்டுமா, ஆளை வெளியே விடு!

சர்வதேச வணிகப் பாடத்தில் 'மிகவும் விரும்பத்தக்க நாடு' என்று ஒரு அந்தஸ்து வரும். பெயரைப் பார்த்து ஏதோ தனிச்சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்களுக்குப் போடும் அதே இறக்குமதி வரிதான் உனக்கும், அவ்வளவுதான் விஷயம். (1998-ல் அமெரிக்காவே இந்தப் பெயரை 'சாதாரண வணிக உறவு' என்று மாற்றிக்கொண்டது!) இது கிடைக்காத நாட்டின் சரக்குக்கு 1930-ம் வருடத்துக் கடும் வரி. இதை வைத்துத்தான் அமெரிக்கா சோவியத் யூனியனிடம் ஒரு பேரம் பேசியது.

1972 ஆகஸ்டில் சோவியத் அரசு ஒரு வரி போட்டது. நாட்டை விட்டுப் போக விரும்பும் படித்தவர்கள், அரசு தங்களைப் படிக்கவைத்த செலவைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். தொகையோ பல வருடச் சம்பளம். இஸ்ரேலுக்குப் போகக் காத்திருந்த யூதர்கள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள். விண்ணப்பம் போட்டாலே வேலை போகும், அனுமதியும் வராது. வருடக்கணக்கில் அப்படியே கிடந்தவர்கள் உண்டு.

அதே அக்டோபரில் நிக்சன் அரசு மாஸ்கோவுடன் வணிக ஒப்பந்தம் போட்டு, அந்த அந்தஸ்தைத் தருவதாகச் சொன்னது. செனட்டர் ஹென்றி ஜாக்சனும் பிரதிநிதிகள் சபையின் சார்லஸ் வானிக்கும் குறுக்கே வந்தார்கள். மக்களை வெளியேற விடாத கம்யூனிச நாடுகளுக்கு அந்தஸ்தும் கிடையாது, அரசுக் கடனும் கிடையாது என்பது அவர்களுடைய திருத்தம். விஞ்ஞானி சகாரவ் மாஸ்கோவில் இருந்தபடியே இதை ஆதரித்து அமெரிக்கக் காங்கிரசுக்குக் கடிதம் எழுதினார் (தைரியம்தான்). கிஸிஞ்சருக்கோ பிடிக்கவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி பேசி முடிப்பதே அவர் வழி.

மசோதா விவாதத்தில் இருந்தபோதே, 1973-ல், அந்தப் படிப்பு வரியை வசூலிப்பதை சோவியத் நிறுத்திவிட்டது. அந்த வருடம் சுமார் 35,000 யூதர்கள் வெளியேறினார்கள். சட்டம் வருவதற்கு முன்பே!

பிறகுதான் கெட்டது. 1974 அக்டோபரில் ஜாக்சன், வருடத்துக்கு 60,000 பேர் என்று பத்திரிகைகளிடம் கணக்குச் சொன்னார். அப்படி எந்த உறுதியும் தரவில்லை என்று குரோமிகோ கடிதம் எழுதினார். போதாக்குறைக்கு, சோவியத்துக்கான ஏற்றுமதிக் கடனுக்கு நான்கு வருடத்துக்கு 30 கோடி டாலர் என்று காங்கிரஸ் உச்சவரம்பு வைத்தது. பெரிய கடனை எதிர்பார்த்திருந்த மாஸ்கோவுக்கு இதில் இனி என்ன லாபம்? 1975 ஜனவரி 3-ல் ஃபோர்டு கையெழுத்திட்டார். அதே மாதம் சோவியத் ஒப்பந்தத்தையே வேண்டாம் என்றது. அந்த வருடம் வெளியேறியவர்கள் சுமார் 13,000 பேர். 1979-ல் 51,000, 1986-ல் ஆயிரத்துக்கும் கீழே. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் சட்டம் மாறவேயில்லை. மாறியது இரு நாடுகளின் உறவுதான்.

அப்படியானால் வீண் சட்டமா? ருமேனியாவைப் பாருங்கள். 1975 முதலே அந்தஸ்தை வாங்கி அனுபவித்து வந்த நாடு. 1982-ல் செளசெஸ்குவும் இதே மாதிரி படிப்பு வரி போட்டார். அந்தஸ்தைப் பறிப்போம் என்றார் ரீகன். 1983-ல் வரி போன இடம் தெரியவில்லை. கையில் இருப்பதை இழக்க அவருக்கு மனமில்லை. மாஸ்கோ கையிலோ இழக்க ஒன்றுமே இல்லை.

கோர்பசேவ் காலத்தில் கதவு திறந்து லட்சக்கணக்கானோர் போய்விட்டார்கள். சோவியத் யூனியனும் போய்விட்டது. சட்டம் மட்டும் போகவில்லை, 2012 டிசம்பர் வரை ரஷ்யாவின் மேல் இருந்தது. அன்று கிடைத்த அந்தஸ்தும் பத்து வருடம் தாங்கவில்லை. 2022 ஏப்ரலில், உக்ரைன் போருக்காக, அமெரிக்கா அதைத் திரும்பப் பறித்துக்கொண்டது.