தட்டைப் பாதம்: நோயாகக் கருதப்பட்ட ஒரு வளர்பருவம்

மூன்று வயதுக் குழந்தை ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் பெரும்பாலும் பாதம் முழுவதும் அச்சாக விழும். உட்பக்க வளைவு தெரியாது. அந்த வயதில் வளைவு இருக்கவேண்டிய இடத்தைக் கொழுப்புத் திசு நிரப்பியிருக்கிறது. வளைவின் உச்சியில் அமையும் படகெலும்பு, மூன்று வயதை ஒட்டித்தான் குருத்தெலும்பு நிலையிலிருந்து எலும்பாகத் தொடங்குகிறது. மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் தளர்வாகவே இருக்கின்றன. இன்று பாடநூலில் இடம்பெறும் இச்செய்தி மருத்துவ உலகில் நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை நலமான பல பாதங்கள் குறையுள்ளவையாகப் பார்க்கப்பட்டன. பாதத்தின் வடிவத்தை அளந்தவர்கள் அதன் செயலை அளக்கத் தவறியதே இதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொடக்கத்தில் சந்தேகம் பாதத்தின்மீது விழவில்லை, காலணியின்மீதே விழுந்தது. டச்சு உடற்கூறியலாளர் பெட்ரஸ் காம்பர் 1781-இல் காலணியின் சிறந்த வடிவம் எது என்று ஆராய்ந்து எழுதினார். சூரிச் நகரின் ஹெர்மன் வான் மேயர் 1858-இல், பெருவிரலின் நேர்கோடு குதிகாலின் நடுவே செல்லுமாறு காலணி அமையவேண்டும் என்றார். 1905-இல் அமெரிக்க மருத்துவர் ஹாஃப்மன், காலணி அணியாத மக்களின் பாதங்களை அணிபவர்களின் பாதங்களோடு ஒப்பிட்டு, விரல்கள் நெருக்குண்டு உருமாறுவதற்குக் காலணியே காரணம் எனக் காட்டினார்.

இருபதாம் நூற்றாண்டு இந்தப் பாதையில் தொடர்ந்து செல்லவில்லை. ‘திருத்தும் ஷூ’ மேலைநாடுகளில் மருத்துவப் பரிந்துரையானது. கணுக்காலை இறுக்கும் உயரமான ஷூ, உட்பக்கம் நீட்டிய ‘தாமஸ் குதி’, வளைவைத் தாங்கும் உள்தாங்கி ஆகியவை நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கே மாட்டப்பட்டன. ஷூக் கடைகளில் குழந்தையின் காலை எக்ஸ்-கதிரில் பார்க்கும் கருவிகூட 1920-களிலிருந்து சில பத்தாண்டுகள் புழங்கியது. சிகிச்சை பலித்ததாகவே எல்லாரும் நம்பினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் ஷூ போட்ட குழந்தைக்கு வளைவு வரத்தான் செய்தது. ஷூ போடாத குழந்தைக்கும் வந்திருக்குமா என்ற கேள்வியை முறையாகச் சோதித்தவர்கள் மிகச் சிலரே.

முதல் திருப்பம் படைவீரர்களிடமிருந்து வந்தது. கனடாவில் ஹாரிஸும் பீத்தும் 3,600-க்கும் மேற்பட்ட வீரர்களின் பாதங்களை ஆராய்ந்து 1947-இல் அறிக்கை தந்தனர். நெகிழும் தட்டைப் பாதம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, குதிகால் நாண் குறுகியிருந்தாலோ பாதம் விறைத்திருந்தாலோதான் இடர் என்று அவர்கள் பிரித்துக் காட்டினர். 1987-இல் ஸ்டாஹெலி குழுவினர் பல வயதினரின் 882 பாதங்களை அளந்து, வளைவு முதல் பத்து ஆண்டுகளுக்குள் தானாகவே உருவாகிறது என்றனர். விடுபட்டிருந்த சோதனை 1989-இல் வெளியானது. டெக்சாஸில் வெங்கர் குழுவினர் ஒன்று முதல் ஆறு வயதுவரையான குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குத் திருத்தும் ஷூவும் சிலருக்கு உள்தாங்கியும் கொடுத்தனர். சிலருக்கு எதுவும் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் எல்லாப் பிரிவினரின் பாதமும் சம அளவில் மேம்பட்டது. என் மதிப்பீட்டில், இத்துறையின் நூற்றாண்டு வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆய்வு இல்லை.

அடுத்த வலுவான சான்று நம் பக்கத்திலிருந்து, கர்நாடகத்தின் மணிப்பாலிலிருந்து கிடைத்தது. உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் நான்கு முதல் பதின்மூன்று வயதுவரையான 2,300 குழந்தைகளின் பாத அச்சுகளை எடுத்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம் அது மிகுதி. செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. வெறுங்காலினரிடம் மிகக் குறைவு. ஷூ வாங்க இயன்ற குடும்பத்துக் குழந்தையின் உணவும் எடையும் விளையாட்டு நேரமும்கூட வேறாக இருந்திருக்கலாம் என்பதால், முழுப் பழியையும் ஷூவின்மேல் போடுவது சரியன்று. ஆனாலும் காலணி பாதத்தைக் காக்கிறது என்ற பழைய உறுதிப்பாட்டை இந்த ஆய்வு அசைத்துவிட்டது.

2006-இல் வியன்னா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 835 குழந்தைகளில் 44 சதவீதத்தினருக்கு நெகிழும் தட்டைப் பாதம் இருந்தது. மூன்று வயதில் 54 சதவீதம், ஆறு வயதில் 24 சதவீதம். உண்மையான நோய்நிலை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆயினும் பத்தில் ஒரு குழந்தை உள்தாங்கி போட்டிருந்தது. அறிவு மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை.

நடையும் ஓட்டமும் பற்றிய ஆராய்ச்சி இதற்கிடையே தனி வழியில் வளர்ந்தது. 1930-களில் கெசெலும் மெக்ரோவும் குழந்தை அசைவுகளைப் படிப்படியாகப் பதிவுசெய்தபோது எலும்பியல் மருத்துவம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980-இல் சதர்லண்ட் குழுவினர் ஒன்று முதல் ஏழு வயதுவரையான 186 குழந்தைகளின் நடையைப் படம்பிடித்து, முதிர்ந்த நடையின் கூறுகள் மூன்று வயதிலேயே அமைந்துவிடுகின்றன என்றனர். இதை வியன்னாவின் எண்களோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பாதி மூன்று வயதினர் தட்டைப் பாதத்தோடுதான் அந்த நடையை எட்டுகிறார்கள். 2009-இல் குரோவேசியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்விலும், தட்டைப் பாதம் ஓட்டத்தையோ தாவலையோ குறைக்கவில்லை. 2018-இல் தென்னாப்பிரிக்காவில் வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளை ஜெர்மனியில் ஷூவோடு வளர்ந்தவர்களுடன் ஒப்பிட்டபோது, ஆறு முதல் பத்து வயதில் சமநிலையிலும் தாண்டுதலிலும் வெறுங்காலினர் முன்னின்றனர். பதின்பருவ விரைவோட்டத்தில் ஷூவினர் முந்தினர்.

இதனால் காலணியே வேண்டாம் என்றாகாது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து காலின் வழியே உடலுக்குள் நுழையும் என்பதால், வெளியே காலணி தேவைதான். ஆனால் கூட்டிப் பெருக்கிய வகுப்பறைக்குள்ளும் எல்.கே.ஜி. குழந்தை நாள் முழுவதும் காலுறையும் கறுப்பு ஷூவும் போட்டிருக்கவேண்டும் என்பதற்கு இந்த வரலாற்றில் எந்தச் சான்றும் இல்லை. மழலையர் பள்ளி நடத்துவோர் இந்தச் சீருடை விதியைத் தளர்த்தி, நொண்டியடிக்கவும் ஏறித் தாண்டவும் பிள்ளைகளுக்கு இடம் தரவேண்டும். பெற்றோர் தட்டைப் பாதத்தைக் கண்டு கலங்க வேண்டாம். வலி இருந்தாலோ, நுனிக்காலில் நிற்கும்போதும் வளைவு எழாவிட்டாலோ, ஒரு கால் மட்டும் வேறுபட்டிருந்தாலோ எலும்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.